சம்பந்தி முதலில் இறைக்கட்டும்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய ‘ற’வா, சின்ன ‘ர’வா என்று சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அடித்து எழுதியிருக்கிறேன். அடித்ததுதான் சரியாக இருந்தாலும் இருக்கும். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

சேத்தூருக்கு மேற்கே எனக்கு ஒரு வாழைத் தோட்டமும் கிணறும் இருக்கின்றன. முள்வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவருடைய வாழையும் கிணறும். கிணறு இரண்டு, தண்ணீர் ஒன்று. மலையில் பெய்வது மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்பு வழியாக மெல்லக் கிழக்கே வருகிறது. அதை நாங்கள் இருவரும் வழிமறித்து எடுக்கிறோம். ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்ட மாதிரி. அவர் மோட்டார் ஓடினால் அவர் கிணற்றைச் சுற்றி நிலத்தடித் தண்ணீர் பள்ளமாகும். என் பக்கத்துத் தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்கு ஓடிவிடும். என் கிணற்றில் மூழ்கியிருந்த படிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

அதனால் மோட்டார் ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரத்தில் எங்களுக்குள் ஓட்டப்பந்தயம்தான். சண்டை கிடையாது. அவரும் என்னைப்போல் கூச்சக்காரர். ஓடுவது தெரியக்கூடாது என்று, மெதுவாக நடப்பது போலவே இருவரும் வேகமாக நடப்போம்.

போன வருஷம் என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்தேன். வேலியைத் தாண்டிக் கேட்க இருவருக்கும் வாய் வராததால் தரகர்தான் பேசினார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். தரகர் எங்களை அறிமுகம் செய்துவைத்தார். “அப்படிங்களா” என்று இருவரும் கும்பிட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் வினை. பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டாருக்கு முந்தித் தண்ணீரை எடுக்கலாமா? மழைக்காலம் முடிந்து இறைக்கிற நாள் வந்தபோது, கரண்ட் வந்தும் நான் சுவிட்சைத் தொடவில்லை, சம்பந்தி முதலில் இறைக்கட்டும் என்று. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. மறுநாளும் அப்படித்தான். கோடையில் இரண்டு கிணறும் மேல்படி வரைக்கும் நிறைந்து நின்றன. குலை தள்ள வேண்டிய வாழை இலையை மடக்கிக்கொண்டது.

“கெணத்துல தண்ணி தளும்புது, வாழை செத்துக்கிட்டு கெடக்கு. மீன் வளக்கப் போறீகளா?” என்றாள் மனைவி. “வருசத்துக்கு ஒரு வெள்ளாமை. போயி அவியகிட்ட ஒரு வார்த்த கேளுங்க.”

பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். சம்பந்தி நாற்காலி போட்டார்.

“மழை வருமா சம்பந்தி?”

“தெரியலயே சம்பந்தி.”

“காத்து மேக்க இருந்துதான் வருது.”

“ஆமா. மேக்க இருந்துதான்.”

காற்றைப் பற்றிப் பேச அவ்வளவுதான் இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் பால்கோவாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கும் காற்று மேற்கே இருந்துதான் வந்தது.

வாழையைப் பார்க்கப் பார்க்க மனது கேட்கவில்லை. மோட்டார் போட்டால்தானே சத்தம் கேட்கும்? ஒரு மத்தியானம் வாளியோடு போய், கிணற்றில் மொண்டு, திருடனைப் போல ஒவ்வொரு தூராக ஊற்றினேன். வேலி ஓரத்து வாழைக்கு வந்து நிமிர்ந்தால், அந்தப் பக்கம் சம்பந்தி நிற்கிறார். அவர் கையில் குடம்.

நான் வாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“குளிக்கவா சம்பந்தி?” என்றார்.

“ஆமா, குளிக்கத்தான். நீங்க?”

“நானும் அதுக்குத்தான்.”

சொன்ன பிறகு வேறு வழியில்லை. நான் வாளியைத் தலையில் கவிழ்த்தேன். அவர் குடத்தைக் கவிழ்த்தார்.

அன்றைக்கு வேலை லீவு என்று மாமனாருக்குக் கஞ்சி கொண்டுவந்த என் மகள் வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். “யப்பா, சட்டையோடவா குளிக்கீக? மாமா, செல்போன் பையில கெடக்கு, எடுங்க மொதல்ல.”

சம்பந்தி செல்போனை எடுத்து ஈர வேட்டியிலேயே துடைத்தார். அவள் வாழைத் தூர்களின் ஈரத்தையும் எங்கள் கையில் இருந்ததையும் பார்த்துவிட்டு, “மோட்டாரு ரிப்பேரா?” என்றாள்.

“அவிய போடட்டும்னு இருந்தேன்” என்றேன்.

“பொண்ணையும் எடுத்துட்டு தண்ணியையும் நாமளே எடுத்தா ஊரு என்ன பேசும்? அதான் அவிய போடட்டும்னு இருந்தேன்” என்றார் சம்பந்தி, அவளிடம், மிக மெதுவாக.

அவள் கஞ்சித் தூக்கை வரப்பில் வைத்தாள். முதலில் அவர் மோட்டாரைப் போட்டாள். வேலிச் சந்தில் நுழைந்து வந்து என்னுடையதையும் போட்டாள். இரண்டு தோட்டத்திலும் தண்ணீர் பாய்ந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு கிணறும் வற்றி, இரண்டு மோட்டாரும் காற்றை இழுத்தன. ஊற்று திரும்ப ஊற வேண்டும். நாங்கள் மூன்று பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம்.

“ரெண்டையும் சேத்துப் போட்டா இம்புட்டுத்தான்” என்றாள். “இனிமே ஒரு நாள் இங்க, ஒரு நாள் அங்க. நாளைக்கு யாரு?”

“அவிய” என்றோம் இருவரும்.

இப்போது இரண்டு மோட்டாருக்கும் செல்போனில் போடுகிற ஸ்டார்ட்டர் மாட்டியாகிவிட்டது. இரண்டும் மகளின் செல்போனில்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடியே அழுத்துகிறாள். யார் முந்தியது என்ற பேச்சே இல்லை. சில நாள் அவளுக்கு டவர் கிடைக்கத் தாமதமாகும். அதுவரை நானும் சம்பந்தியும் கையைக் கட்டிக்கொண்டு அவரவர் மோட்டார் ரூம் வாசலில் நிற்போம். சுவிட்சு பக்கத்திலேயேதான் இருக்கிறது. வாழை எல்லாம் குலை தள்ளிவிட்டது.

ஆடி மாதம் 9, வெள்ளிக்கிழமை.