துண்டு இல்லாத கதவு

"நான் என்ன உங்க வீட்டுக் கடிகாரமா, சாவி குடுத்தா அடிக்கிறதுக்கு?"

மாணவியர் விடுதியின் இரண்டாம் மாடியில், பல் தேய்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சேவல் இப்படிக் கேட்டாள். வாயில் பற்பசை நுரை. எதிரே நின்றவள் கொக்கு. அவள் வாயிலும் நுரைதான், ஆனால் அது கோபத்தில் வந்தது.

"கடிகாரமா இருந்தாக்கூடப் பரவாயில்லடி. அது பொய் சொல்லாது."

"யாருடி பொய் சொன்னா?"

"நீதான். ராத்திரி கதவுல துண்டு கட்டிட்டுத்தான் படுத்தேன். முடிச்சும் போட்டேன். நீ தட்டல. பஸ் போயிடுச்சு."

"உன் கதவுல துண்டே இல்ல. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அப்ப கண்ணாடி வாங்கிப் போடு."

சேவல் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள். துப்பியது தொட்டியில்தான் விழுந்தது. கொக்கின் காலில் விழாதது அவள் நல்ல நேரம்.

"கேட்டுக்கோங்க எல்லாரும். இனிமே இந்த மாடியில ஒருத்தி கதவையும் நான் தட்ட மாட்டேன். தூங்கியே சாவுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் கொக்கைத்தான் முறைத்தார்கள். சண்டை இவளுக்கும் அவளுக்கும், தூக்கம் கெடப்போவது இவர்களுக்கு. இல்லை, தூக்கம் கெடாமல் போகப்போவது இவர்களுக்கு.

அந்த மாடியில் வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் நிலைப்பதில்லை. வந்த ஒரு வாரத்துக்குள் வேறு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கால் நீளமானவள் கொக்கு. விடியுமுன் எழுந்திருப்பவள் சேவல். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி சேவல், கோழின்னாவது வைங்க" என்று முதலில் அவளே சொல்லிப் பார்த்தாள். "கோழி கூவாது, முட்டைதான் போடும். நீ போடுவியா?" என்று கேட்டார்கள். சேவலே நிலைத்துவிட்டது.

விடுதியில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வார்டன் அம்மா எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள். விட்டால் விடிய விடியப் பேசுவார்கள் என்று பயம். பயத்தில் தப்பில்லை, பேசத்தான் செய்வார்கள். ஆனால் காலையில் எழுப்ப ஆள் வேண்டுமே. கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். அது அடிக்கும், படுத்திருப்பவள் கையை நீட்டித் தலையில் ஒன்று போடுவாள், அது வாயை மூடிக்கொள்ளும். சேவலை அப்படி வாயடைக்க முடியாது. கதவைத் திறந்து, கண் விழித்து, "எழுந்திட்டேன் தாயே, போ" என்று வாயால் சொன்னால்தான் நகருவாள்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். எழுப்ப வேண்டியவள் தன் துண்டைக் கதவின் வெளிக் கைப்பிடியில் தொங்கவிட வேண்டும். சும்மா தொங்கினால் எல்லாரோடும் எழுப்ப வேண்டும். துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டிருந்தால் முதல் ஆளாக, இருட்டோடு எழுப்ப வேண்டும். துண்டு இல்லாத கதவை அவள் தொட மாட்டாள். மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கிறவளுக்கு மட்டும் விலக்கு. யாருக்கு எப்போது என்று அவளுக்கு அத்துப்படி. துண்டு தொங்கினாலும் கதவைத் தட்டாமல் மெல்லத் திறந்து, "எழுந்திருக்கியா, இல்ல வெந்நீர் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கல்லூரியில் அவளை வேறு எதற்கும் யாருக்கும் தெரியாது. பாட்டு வராது. மேடையில் ஏற்றிவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கணக்கியல் வகுப்பில் நடு வரிசையில் உட்காருவாள், மதிப்பெண்ணும் நடுவிலேயே உட்காரும். கலைவிழா வந்தால் ஆடுகிறவர்கள் ஆடுவார்கள், இவள் நாற்காலி தூக்குவாள். விளையாட்டு விழா வந்தால் ஓடுகிறவர்கள் ஓடுவார்கள், இவள் எல்லைக் கோட்டில் சுண்ணாம்பு தூவுவாள். அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை வேலைக்குப் போகிறவள். அவளோடு சேர்ந்து எழுந்து பழகிய உடம்பு, படுக்க வைத்தாலும் படுக்காது. அந்த ஒன்றுதான் சேவலிடம் இருந்த வித்தை. அதையும் பொய் என்று சொல்லிவிட்டாளே ஒருத்தி.

கொக்கின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவள் ஓட்டக்காரி. ஓட்டத்துக்காகத்தான் அவளுக்குக் கல்லூரியில் இடமே கொடுத்தார்கள். நாலு பேர் கோல் மாற்றி ஓடுகிற தொடர் ஓட்டத்தில் அவள் கடைசி ஆள். வெளியூர்ப் போட்டிக்கு விடிகாலையிலேயே பஸ் கிளம்பிவிடும், அந்த நாளுக்கு மட்டும்தான் அவள் துண்டு கட்டுவாள். அன்றைக்கு, அந்தப் பருவத்தின் முதல் போட்டிக்கு, அவள் வெளிக்கதவுக்கு ஓடிவந்தபோது பஸ்ஸின் புகைதான் இருந்தது. விளையாட்டு மாஸ்டர் மறுநாள் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்.

"அடுத்த போட்டிக்கும் பஸ்ஸக் கோட்டை விட்டா, உன் இடத்துல வேற ஒருத்தி ஓடுவா. அப்புறம் ஓட்டப் பொண்ணுங்கற பேர்ல நீ இங்க இருக்க முடியாது. வீட்டுக்குப் போய் ஓடு."

இது மாடி முழுவதும் தெரியும். சேவலுக்கும் தெரியும்.

சேவல் தட்டாத முதல் காலையில் விடுதி வெயில் ஏறும்வரை தூங்கியது. பிறகு குளியலறை வாசலில் அடிதடி. ஒருத்தி சோப்பு நுரையோடு வெளியே தள்ளப்பட்டாள். இரண்டு பேர் இடது கால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். காலை உணவில் இட்லிப் பாத்திரம் காலியாகிவிட, பாதிப் பேர் வெறும் டீயோடு ஓடினார்கள். நாடகக் குழுவில் ராணியாக நடிக்கிறவள் தலைகூட வாராமல் ஒத்திகைக்குப் போய், "நீ ராணியா, ராணி வீட்டுத் துடைப்பமா?" என்று கேட்கப்பட்டுத் திரும்பினாள். ஆளாளுக்குச் சேவலின் மேசையில் பிஸ்கட், சாக்லேட், கடலை மிட்டாய் என்று வைத்தார்கள். அவள் எல்லாவற்றையும் தின்றாள். கதவை மட்டும் தட்டவில்லை.

ஆனாலும் அவளுக்கு விழிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. இருட்டில் எழுந்து, யாரோடும் முட்டாமல் குளித்துவிட்டு, தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலில் உட்காருவாள். கீழே பால் வண்டி வந்து நிற்கும். காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வார். அறைகளிலிருந்து குறட்டை வரும். பெண் பிள்ளைகள் குறட்டை விடமாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு காலை உட்கார்ந்து பார்க்கட்டும். எந்தக் குறட்டை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். படிக்கப் புத்தகத்தைத் திறப்பாள். கை சும்மா இருக்காது, ஜன்னல் கட்டையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டாம்மா. நான் இனிமே யாரையும் எழுப்பறதில்ல."

"சரி, எழுப்பாத. தூங்கறதுதானே நீயும்?"

"தூக்கம் வரலம்மா."

"அப்ப உக்காந்து கொட்டாவி விடு. எனக்குப் படுக்க நேரமாச்சு, விடிகாலையில வேலை. அந்த டின்ன வெயில்ல காயவெச்சு வை, துருப்பிடிக்கும்."

டின் என்றது அவள் குளிக்கத் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம். ரொட்டித் தொழிற்சாலைக்கு எண்ணெய் வந்த தகர டின்னுக்குக் கம்பியில் கைப்பிடி போட்டு அம்மா கொடுத்தனுப்பியது. மாடியில் எல்லாரும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் வாளி வைத்திருக்க, இவள் மட்டும் டின்னைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். கீழே வைத்தால் மூன்று அறைக்குக் கேட்கும்.

கொக்கும் சேவலும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்திச் சலித்துப்போன புருஷன் பெண்டாட்டி மாதிரி, உப்பு வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டு வாங்கினார்கள். கொக்கு மாலையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். சேவல் நூலக ஜன்னலிலிருந்து பார்ப்பாள். பார்க்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த போட்டிக்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில், கொக்கின் அறைத்தோழி நடுவில் புகுந்தாள். தும்மல் என்று பெயர். வருஷம் முழுக்க மூக்கு ஒழுகும் பிள்ளை. அந்தப் பருவத்தில்தான் விடுதிக்கு வந்து சேர்ந்தவள், கல்லூரிப் பத்திரிகைக்குக் கவிதை எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு எல்லாரும் படுத்தபிறகும் படிப்பறையில் உட்கார்ந்திருப்பாள்.

"நாளைக்கு இவள எழுப்பிவிடு, சேவல். நான் எழுப்பலாம்னா, என்னையே யாராவது எழுப்பணும்."

"துண்டு கட்டினா பார்க்கலாம்" என்று சேவல் தட்டைப் பார்த்துச் சொன்னாள். சொன்னதே பெரிய இறக்கம்.

"துண்டு கட்டினா மட்டும் தெரியுமாக்கும் அவளுக்கு" என்று கொக்கு தண்ணீர் டம்ளரைப் பார்த்துச் சொன்னாள். அதோடு எழுந்து போய்விட்டாள்.

விடிகாலையில் சேவல் எழுந்தாள். டின்னில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தாள். கொக்கின் கதவில் துண்டு இல்லை. கைப்பிடி மொட்டையாக இருந்தது. கிட்டே போய்த் தடவியும் பார்த்தாள்.

திமிர் பிடித்தவள். இடம் போனாலும் போகட்டும், துண்டு கட்டமாட்டாளாம். சரி, எனக்கென்ன என்று சேவல் குளியலறைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். கீழே பஸ் வந்து நின்று உறுமிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். தட்டக் கையைத் தூக்கினாள். தட்டமாட்டேன் என்று மாடியே கேட்கச் சொல்லியிருக்கிறாள், அதுவும் துண்டு இல்லாத கதவு. கையை இறக்கிக்கொண்டாள்.

டின்னை இடுப்பளவுக்குத் தூக்கி, கதவுக்கு நேரே விட்டாள்.

அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் ஒருத்தி அம்மா என்று அலறினாள். கொக்கின் அறையில் மட்டும் அசைவில்லை. ஓட்டக்காரிகள் தூங்கினால் கட்டையாகத் தூங்குவார்கள். சேவல் டின்னை மறுபடி தூக்கிப் போட்டாள். மூன்றாம் தடவை போட்டதில் அடித்தகடு பிரிந்து உருண்டு போனது. மிச்சமிருந்த தண்ணீர் கதவுக்கு அடியில் உள்ளே ஓடியது.

மாடிப்படியில் வார்டன் அம்மா மூச்சு வாங்க ஏறிவந்தாள்.

"என்ன அது? கூரை இடிஞ்சுதா?"

"கை தவறிடுச்சு மேடம்."

"கை தவறினா ஒரு தடவ விழும். மூணு தடவயா விழும்?"

"மூணு தடவ தவறிடுச்சு மேடம்."

கதவு திறந்தது. கொக்கு ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். கண் பாதிதான் திறந்திருந்தது.

"தட்டறதுக்கென்ன, கை முறிஞ்சா போச்சு? துண்டு கட்டியிருந்தேன்ல?"

"எங்கடி கட்டின? காட்டு."

கொக்கு கைப்பிடியைப் பார்த்தாள். இல்லை. தாழ்வாரத் தரையைப் பார்த்தாள். அங்கும் இல்லை. சேவல் அவள் தோளுக்கு மேல் எட்டி அறைக்குள் பார்த்தாள்.

உள்ளே தும்மல் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை சத்தத்துக்கும் எழவில்லை. கொக்கின் துண்டு அவள் தலையணையில் கிடந்தது. ஒரு முனை அவள் மூக்கடியில். மறு முனையில் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

கொக்கு போய் அவளை உலுக்கினாள்.

"ஏய், இத எங்கருந்துடி எடுத்த?"

தும்மல் கண்ணைத் திறக்காமலே பேசினாள். "முகம் கழுவிட்டு வந்தேன். இருட்டுல, தூக்கக் கலக்கத்துல, கதவுல கை பட்டுச்சு. துண்டு மாதிரி இருந்துச்சு. துடைச்சுக்கிட்டேன்."

"போன தடவையும் துடைச்சியா?"

"துண்டு கையில பட்ட ராத்திரியெல்லாம் துடைப்பேன். காலையில கொடியில போட்டுடுவேன். ஏன், அது யாருது?"

அதற்குப் பிறகு அவளைத் திட்ட நேரமில்லை. கீழே மாஸ்டர் விசில் ஊதினார். கொக்கு பையை எடுத்தாள், ஷூவைக் கையில் பிடித்தாள், ஓட ஆரம்பித்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அப்புறம் பேசலாம், ஓடுடி" என்றாள் சேவல்.

பஸ்ஸில் ஏறிவிட்டாள். போட்டியில் மூன்றாவதாக வந்தார்கள். மாஸ்டர் அதற்கும் திட்டினார், ஆனால் இடம் போகவில்லை. மாலையில் திரும்பி வந்தபோது சேவல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து டின்னையும் தகட்டையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒட்டுகிற ஜாதியில்லை.

"போச்சா?" என்றாள் கொக்கு.

"போச்சு."

"வா, வாளி வாங்கித் தரேன்."

"நீ ஒண்ணும் வாங்கித் தர வேணாம். என் வாளிய நான் வாங்கிக்கத் தெரியும்."

"அப்ப துணைக்கு வரேன்."

மன்னிப்பு கேட்டதும் கொடுத்ததும் அவ்வளவுதான். அந்தப் பெண்களுக்கு அது போதும். தும்மலையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள், அவளுக்கென்று நாலு கைக்குட்டை வாங்க.

பாத்திரக் கடையில் சேவல் வாளிகளை வரிசையாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் வாளி பொத் பொத்தென்றது. வேண்டாம் என்று தள்ளினாள்.

"ஓட்டை எதுவும் இல்லம்மா, நல்ல சரக்கு" என்றார் கடைக்காரர்.

"ஓட்டை இல்லண்ணே. சத்தம் பத்தல."

"வாளி தண்ணி புடிக்கவா, கொட்டு அடிக்கவா?"

"ரெண்டுக்கும்" என்றாள் கொக்கு.

மேல் தட்டிலிருந்து ஒரு இரும்பு வாளியை அவர் இறக்கினார். சேவல் தட்டினாள். எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதுதான் சரி என்று எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் வாளி தொண்ணூறு. இரும்பு வாளிக்கு முந்நூற்று ஐம்பது சொன்னார், பேசிப் பேசி முந்நூற்றுப் பத்துக்கு இறங்கினார். தொண்ணூறைச் சேவல் எண்ணி வைத்தாள், சத்தத்துக்கான மிச்சத்தைக் கொக்கு வைத்தாள்.