கேட்டுக்கு வெளியே ஒரு தீனித் தட்டு

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊர்க் கடையில் குருவிகளுக்கென்றே ஒரு வரிசை உண்டு. சூரியகாந்தி விதை, கொழுப்பு உருண்டை, காயவைத்த புழு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத ஊரில் புழுவைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் இந்த முறை ஊருக்குக் கிளம்புமுன் அங்கேதான் போய் நின்றேன். அப்பாவுக்குப் பறவை என்றால் உயிர். அவர் தோட்டத்துக்கு எவையெல்லாம் வரும் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். மயில், கிளி என்றேன். "அரண்மனையில் இருக்கிறாரா?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். விளக்கப் பொறுமையில்லாமல் ஆமாம் என்று சொல்லி, கூரை வைத்த தீனித் தட்டு, அவர்கள் சொல்லும் 'பேர்ட் ஃபீடர்', ஒன்றை வாங்கினேன். புழுவைத் தொடவில்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் காட்டில் சோளம் அறுக்கும்போது அப்பா ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைப்பார். கேட்டால், "அதுக எங்க போகும்?" என்பார். நான் கல்யாணமாகிப் போன பிறகு தம்பி செந்தில் அதே காட்டில் முட்டைக்கோழிப் பண்ணை போட்டான். இப்போது ஷெட்டுகளுக்கு நடுவில்தான் வீடு. போனில் அப்பா இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பண்ணை கேட்டுக்கு வெளியிலேயே நான் வந்த காரை நிறுத்தி, டயருக்குக் கிருமி மருந்து அடித்தான் செந்தில். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"இது எதுக்குங்க அக்கா?"

"அப்பாவுக்கு. வேப்ப மரத்துல கட்டலாம்னு."

"தீனி வெச்சுக் குருவியக் கூப்புடறீங்களா? ஒண்ணு நோயக் கொண்டாந்தாப் போதும், அத்தன கோழியவும் குழியில போட்டு மூடோணும். அந்த மரத்தயே போன மாசம் வெட்டிப்போட்டனுங்க."

அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். வீட்டு வாசலில் வெறும் வெயில் அடித்தது.

"அப்பாவக் கேட்டயா?"

"கேட்டா வெட்ட உடுவாருங்களா? நீங்க லீவு முடிஞ்சாப் போயிருவீங்க. இங்க பொழைக்கறது நாங்கதானுங்க."

அறையலாம் போலிருந்தது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதால் ஆத்திரம் இன்னும் கூடியது.

அதற்குள் எங்கள் பேச்சு காதில் விழுந்து அப்பா வெளியே வந்தார். என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நேரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற புளியமரத்துக்குப் போய்த் தாழ்ந்த கிளையில் கட்டினார். மடியை அவிழ்த்து, கோழித் தீனியிலிருந்து எடுத்துவந்த உடைத்த மக்காச்சோளத்தைக் கொட்டினார்.

"அங்கருந்து வாரதுன்னா குளிச்சுட்டுத்தான் உள்ள வரோணும்," என்றான் செந்தில்.

"நான் வாரல போ," என்றார் அப்பா. பெற்ற மகனிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

செந்தில் கேட்டைப் பாதி திறந்து என்னைப் பார்த்தான். "வெயில்ல நிக்காதீங்க அக்கா. அந்த மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு உள்ள வாங்க."

கேட்டடியில் இருந்த மருந்துத் தொட்டியில் இரண்டு காலையும் வைத்தேன்.

"அதுகளுக்குப் பழகோணும். இரு சாமி, வரும்," என்றார் அப்பா என்னிடம், மரத்தடியிலிருந்து.

வீட்டுக்குள்ளும் போகவில்லை, அவரிடமும் போகவில்லை. செருப்பு ஊற, அந்த வெள்ளைத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.