சொந்த அணிக்கு எதிராக ஒரு விசில்

ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டும் ஸ்ரனிஸ்லாஸை எங்கள் ஆட்கள் 'றெஃபரி' என்றுதான் சொல்வார்கள். கோடையில் தமிழ்க் கழகங்கள் உதைபந்தாட்டம் நடத்தினால் விசில் அவர் வாயில்தான் இருக்கும். ஓர் இறுதியாட்டத்தில் தன் சொந்தக் கழகத்துக்கு எதிராகவே பெனால்ற்றி கொடுத்து அதைத் தோற்கடித்த மனிதர்.

"அண்ணை, பந்து என்ரை நெஞ்சிலைதான் பட்டது. கையிலை படேல்லை," என்று அவருடைய கழகத்தில் விளையாடிய குகதாசன் மைதானத்திலேயே அழுதான்.

நெஞ்சில் பட்டதை ஸ்ரனிஸ்லாஸும் கண்டவர்தான். ஆனால் ஊதாமல் விட்டால் எதிர்க்கழகத்து ஆட்கள் என்ன கதைப்பார்கள்? ஊதினார். அன்றிலிருந்து அவருக்கு நீதிமான் என்று பெயர். நல்ல நீதிமான்! தன் ஆளின் தலையில் கைவைத்தால் அதுதான் நடுநிலை என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

2006இல் அவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஜூரியாக அழைத்தார்கள். வழக்கு நாடே அறிந்தது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில் நடந்த கைகலப்பில் ஒரு நோர்வேஜியப் பையன் விழுந்து, தலை அடிபட்டு இறந்துபோனான். அடித்தவன் ரிசாந் என்ற தமிழ்ப் பையன். மாதக்கணக்காக அவனுடைய படம்தான் பத்திரிகைகளின் முதல் பக்கம்.

ஸ்ரனிஸ்லாஸுக்கு அவனை முன்பின் தெரியாது. பத்திரிகைகளைப் பத்து ஜூரிகளும் படித்திருந்தார்கள். படித்ததையெல்லாம் மறந்துவிட்டுத் தீர்மானியுங்கள் என்றார் நீதிபதி. மறப்பதாம்! 'அடித்து முடித்துவிட்டேன்' என்ற அந்தத் தலைப்பை நோர்வேயில் யார் மறந்தது?

சண்டை முடிந்த கையோடு ரிசாந் தன் தமையனின் ஃபோனில் விட்ட குரல்பதிவிலிருந்து வந்த தலைப்பு அது. "அடிச்சுப்போட்டன் அண்ணா" என்பதுதான் அவன் சொன்னது. மொழிபெயர்த்த ராகவன் தமிழ்நாட்டுக்காரர். அவர் காதுக்கு அது ஆளையே சாய்த்துவிட்டதாகக் கேட்டது. வெறுமனே அடித்ததைத்தான் சொன்னேன் என்று ரிசாந் கெஞ்சினான். தப்பப் பார்க்கிறான் என்றார் அரச வழக்கறிஞர். அடித்ததற்குத் தண்டனை எப்படியும் உண்டு. கொல்ல நினைத்து அடித்தானா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த ஒரு சொல்லை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. எங்கள் ஊர்ப் பேச்சில் அது வெறும் 'அடித்துவிட்டேன்'தான்; அவன் சொல்வது உண்மை என்று பத்துப் பேரில் தெரிந்தவர் ஸ்ரனிஸ்லாஸ் மட்டும்தான்.

ஜூரி அறையில் தலைவியாக இருந்த ஆசிரியை நேராகவே கேட்டார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

எல்லா முகங்களும் திரும்பின. தமிழன் தமிழனுக்கு வக்காலத்து வாங்கப்போகிறான் என்று அந்த முகங்கள் சொல்வதாக ஸ்ரனிஸ்லாஸுக்குப் பட்டது. அப்படி ஒருவரும் நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

"மொழிபெயர்ப்பாளர் சொல்லிவிட்டார். நான் இங்கே சாட்சி இல்லை," என்றார்.

குற்றவாளி என்று சொல்ல ஏழு பேர் வேண்டும். அவருடைய முறை வந்தபோது ஆறு பேர் ஆம் என்றிருந்தார்கள், இரண்டு பேர் இல்லை என்றிருந்தார்கள். கடைசியாகச் சொல்லவேண்டிய ஆசிரியை இல்லை என்றுதான் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்ரனிஸ்லாஸ் ஆம் என்றார். வெளியே வரும்போது ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் மிகவும் நேர்மையான ஆள் என்றார்.

ஜூரி அறையில் நடந்ததை வெளியில் சொல்லக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் அவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று. பத்திரிகை பார்த்த வெள்ளைகள் முதலே முடிவெடுத்துவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்தவன் குகதாசன்.

"நீங்கள் தனியாள் அண்ணை. அவங்களோடை மல்லுக்கட்டி என்ன செய்யிறது?"

ஸ்ரனிஸ்லாஸ் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அவன் போன பிறகு மகள் சோபிகா பள்ளிக்கூடத்தால் வந்து கதவோரம் நின்றாள்.

"அப்பா, பஸ் கார்ட்டைத் துலைச்சுப்போட்டன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பயந்துவிட்டது.

"ஏசாதேங்கோ அப்பா. வேணுமெண்டே துலைச்சனான்?"

"இல்லைப் பிள்ளை," என்றார். "எனக்குத் தெரியும்."