பதினோரு மணிச் சங்கு

சேலைத் தொட்டிலின் முடிச்சு விட்டத்தில் உரசி எழுப்பும் "கிறீச், கிறீச்" என்ற ஓசையை இனிமையானது என்று யாராவது எழுதினால், அவர் தொட்டிலை ஆட்டும் கயிற்றை ஒருநாள்கூட இழுத்ததில்லை என்று முடிவுகட்டிவிடுவேன். இழுத்தவள் நான். ஐம்பதுகளின் கடைசியில், கோயமுத்தூரில் ஒரு மில்லை ஒட்டி, தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய "லைன் வீட்டில்", என் உள்ளங்கை ஒரு கோடை முழுக்கக் காய்த்துக் கிடந்தது.

நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பிக்கு ஆறு மாதம். அம்மா மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அப்பாவுக்கும் அதே மில்லில் அதே பகல் ஷிப்டு. வீட்டில் இருந்தவர் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. சமையல் அவர் பொறுப்பு. தோள்வலியால் தொட்டில் மட்டும் ஆட்ட முடியாது. தம்பியோ தொட்டில் ஆடினால் தூங்குவான், நின்றால் விழிப்பான், அவன் விழித்த செய்தி லைனின் கடைசி வீடு வரை போய்ச் சேரும். ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என்னை நிறுத்திவிடுவது என்று அத்தை தீர்மானித்திருந்தார்.

"தொட்டில ஆட்டறதுக்கு ஆறாவது எதுக்கு அம்மிணி? அஞ்சாவதே சாஸ்திதான்."

"அவன் தானாத் தூங்குனா நீங்க பாத்துக்குவீங்களாங்க அத்தை?"

"தூங்கற புள்ளைய நான் பாத்துக்கறேன். தூங்காத புள்ளைய உங்கொப்பன் வந்து பாக்கட்டும்."

அப்பா "பாக்கலாம்" என்றார். பின்னாளில் அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியபோதுதான் அந்தச் சொல்லுக்கு "முடியாது" என்று பொருள் என்பது தெரிந்தது. பத்து வயதில் அதை நான் ஒரு மாத அவகாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடிகாரம் எங்களிடம் இல்லை. மில்லின் சங்கு இருந்தது. பத்தரைக்கு ஒன்று ஊதும், பதினொன்றுக்கு ஒன்று. பத்தரைச் சங்குக்குக் கேழ்வரகுப் பால் ஊட்டுவேன். பிறகு வெந்நீரில் நனைத்த துணியால் கைகால் துடைத்து, ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டு, பதினொன்றின் சங்கு ஊதும்போது அவன் விழித்திருக்கையிலேயே தொட்டிலில் போடுவேன். முதல்நாள் இருநூறு முறை ஆட்டினேன். மறுநாளிலிருந்து தினமும் பத்துப் பத்தாகக் குறைத்தேன். கணக்கைக் கரித்துண்டால் சுவரில் எழுதினேன். சிணுங்கினால் கயிற்றைத் தொடமாட்டேன். அவன் வயிற்றில் கைவைத்தபடி நிற்பேன். "இவ புள்ளைய ஆட்டறாளா, வாய்ப்பாடு ஒப்பிக்கறாளா?" என்று அத்தை அடுப்படியிலிருந்து கேட்பார். ஒப்பிக்கத்தான் செய்தேன், ஆறாம் வகுப்புக்காக.

சுவரில் சுழியம் எழுதிய அன்று, சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே அவன் கொட்டாவி விட்டான். ஆடாத தொட்டிலில் தூங்கினான். அத்தை வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "ஒருநாள் தூங்குனா ஆச்சா? ஞாயித்துக்கெழம எல்லாரும் ஊட்ல இருப்பாங்க, அப்பக் காட்டு" என்றார்.

அங்கேதான் கோட்டைவிட்டேன். ஞாயிறுகளில் தம்பி அம்மாவின் மடியிலேயே கிடப்பான். என் கரிக்கணக்கில் ஞாயிறே கிடையாது. அன்று பாலூட்டி, துடைத்து, தொட்டிலில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அப்பா, அம்மா, அத்தை மூவரும் சுற்றி நின்றார்கள். மில்லுக்கு விடுமுறை. சங்கு ஊதவில்லை. தம்பி விட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு வீறிட்டான்.

"பாத்தியாடா உம்பட புள்ளையோட வித்தைய!" என்றார் அத்தை, அப்பாவிடம். "கயித்தப் புடி அம்மிணி."

நான் பிடிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சங்கு ஊதாத அன்னைக்குப் பள்ளிக்கூடமும் லீவுதானுங்க அத்தை. ஊதற அன்னைக்குத் தூங்குனாப் போதுமுங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கோ பார்த்தபடி, "அவ கேக்கறது நாயந்தானுங்களே" என்றாள். அத்தையை எதிர்த்து அம்மா பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

மறுநாள் அத்தை தொட்டிலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டார். சங்கு ஊதியது. சாயங்காலம் அப்பா கேட்டபோது, வீட்டில் ஏதோ களவு போய்விட்டதைச் சொல்வதுபோல, "தூங்கிப்போட்டான்" என்றார். பிறகு தொட்டிலில் கட்டியிருந்த இழுகயிற்றை அவரே அவிழ்த்து, வாசலில் துணி காயப்போடக் கட்டிவிட்டார். அந்த வாரமே பள்ளி திறந்தது. போனேன்.

இப்போது அந்த இடத்தில் மில் இல்லை, அடுக்குமாடிகள் நிற்கின்றன. லைன் வீடுகள் போய்விட்டன, சங்கு நின்று பல வருடங்களாகிவிட்டன. என் பேரனைத் தூங்கவைக்க மருமகள் செல்போனில் மழைச்சத்தம் போடுகிறாள். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை, விழித்திருக்கும்போதே படுக்கவை என்று அதிலேயே பாடமும் படிக்கிறாள். நல்ல பாடம்தான், புதிய பாடமல்ல. என் கதையைக் கேட்டவள், "தம்பி மேல எவ்வளவு பாசம் அத்தை உங்களுக்கு!" என்றாள். கிடையாது என்றேன். அவன் தூங்கினால்தான் நான் படிக்க முடியும், அவ்வளவுதான் விஷயம். பாசமெல்லாம் கை காலியான பிறகு வந்தது.

தம்பியும் ஓய்வுபெற்று சூலூரில் இருக்கிறான். போன மாதம் போயிருந்தேன். பேச்சின் நடுவே கொட்டாவி விட்டான். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று.

"நீ படிக்கோணும்னு என்னைய இப்படிப் பழக்கிப்போட்டியேக்கா!"

"ஆமாங் கண்ணு. படுத்துத் தூங்கு" என்றேன். என் பையில் பாதி படித்த புத்தகம் ஒன்று இருந்தது.