சந்தாபுராவுக்கு ஆறு பேர்

பத்தாவதில் தோற்ற பெண்களுக்கு ஆளுக்கொரு துணையை, அதாவது மென்டரை, சேர்த்து மறுபடி படிக்க வைப்பது, இதுதான் எட்டு வருடமாக சங்கமித்ராவின் உயிர். பகலில் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. மீதி நேரமெல்லாம் ஆஸ்டின் டவுனில் அவள் தொடங்கிய அந்தச் சின்ன அமைப்புக்குத்தான். அவளும் பத்தாவதில் தோற்றவள். அன்று துணைக்கு யாருமில்லாமல் போனவள்.

அந்த ஞாயிறு மாலை ஐந்துக்குள் புதுத் திட்டம் கொடுக்காவிட்டால் நகரின் ஓரத்திலிருக்கும் சந்தாபுரா கிளையை டிரஸ்டிகள் மூடிவிடுவார்கள். அங்கே பதினெட்டுப் பெண்கள். அவர்களுக்குத் துணையாக இரண்டு பஸ் மாறிப் போய்வந்த பட்டதாரிகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். திட்டப் படிவத்தில் ‘நம் பலம்’ என்ற கட்டம் காலையிலிருந்து காலியாகவே கிடந்தது.

துப்புரவு வேலை பார்க்கும் சிநேகிதி தனக்கோடி படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"என் பேரு எங்கடி?"

"கீழ பாரு, உதவியாளர்னு."

"டீ ஊத்துறவளா நான்? பதினோரு பொண்ணுங்கள பத்தாவது தாண்டி பியுசி வரைக்கும் இழுத்தது யாரு, உன் எம்.பி.ஏ. மேடமா?"

"டிகிரி இருந்தாதான் மென்டர்னு ரூல், தனா."

"யாரு போட்டது?"

போட்டது சங்கமித்ராதான். தோற்றவள் நடத்தும் இடம் என்று யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாதே என்று.

"என் தெருவுல ஒருத்தி மட்டம் போட்டா சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சிடும். பஸ்ல வர்றவங்களுக்குத் தெரியுமா? சந்தாபுராவுல என்னை மாதிரி பொம்பளையே இல்லியா?"

ஒரு துணைக்கு மூன்று பெண்கள். ஆறு பேர் வேண்டும். சங்கமித்ரா பஸ் ஏறினாள். வெயிலில் வீடு வீடாகக் கெஞ்சினாள். "நமக்குப் படிப்பு கொத்தில்லம்மா, ஒண்ணும் தெரியாது" என்று கதவைச் சாத்தியவர்களே அதிகம். தையல் கடை வள்ளியம்மா மட்டும் கூடவே நடந்து நாலு பேரைச் சம்மதிக்க வைத்தாள். அவளோடு ஐந்து. ஆறாவது ஆள் கிடைக்கவேயில்லை.

‘நம் பலம்: அதே தெருவில் குடியிருப்பவர்கள்’ என்று போனிலேயே தட்டி, நாலு ஐம்பதுக்கு அனுப்பினாள். உடனே டிரஸ்டி க்ளென் போன் செய்தார்.

"ஐடியா நல்லாருக்கும்மா. ஆனா அஞ்சு பேருதானே? மூணு பொண்ணுங்க துணையில்லாம நிக்குதே?"

"நான் பாத்துக்கறேன் அங்கிள்."

"உன் பிளான்படி நீ அந்தத் தெருவுல இருக்கணுமே! நீ ஆஸ்டின் டவுன்."

பிறந்து வளர்ந்த தெரு, வேலை, தனக்கோடி, எல்லாமே அங்கேதான்.

"ஒரு நிமிஷம் அங்கிள்," என்றவள் போனைக் கையால் மூடிக்கொண்டு வள்ளியம்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இந்தத் தெருவுல வாடகைக்கு ஒரு ரூம் கிடைக்குமா?"