‘பரவாயில்லை’க்குப் பூஜ்யம்

பேருந்துப் பணிமனையில் அந்த டிரைவருக்குப் பேரே ‘பரவாயில்லை’ அண்ணன்தான். லீவு நாளில் வேலைக்குக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, யாரும் தொடாத ஓட்டை வண்டியை அவர் தலையில் கட்டினாலும் பரவாயில்லை. “தங்கமான மனுஷன்” என்பார்கள் மேலதிகாரிகள். யார் மிதித்தாலும் முனகாதவனுக்கு இந்த உலகம் செலவில்லாமல் கொடுக்கும் பட்டம் அது. அதைக் கேட்டாலே அவர் மனைவிக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அவருடைய உணவுக்குழாய் சுருங்கிப்போயிருந்தது. போன வருஷம் மருத்துவமனையில் பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாக இறங்கியது. பிறகு மறுபடி அடைத்தது. இப்போது வீட்டில் எதை ஆக்கினாலும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, டம்ளரில்தான். படுத்தால் எதுக்களித்து மூக்கில் ஏறும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறார். காலையில் தலையணை உறையை அவள் இரண்டு விரலால் தூக்கிப்போய் ஊறவைப்பாள். அந்தப் புளித்த வாடை எந்தச் சோப்புக்கும் அசையாது. பணிமனையில் மற்றவர்கள் சாப்பிட உட்காரும்போது அவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு குடிப்பார்.

மறுபடி விரிக்க வேண்டுமா என்பதை மருத்துவமனையில் சில கேள்விகளுக்கு விழும் மதிப்பெண்தான் முடிவு செய்யும்; தொந்தரவு கூடினால் மதிப்பெண்ணும் கூடும். கேட்கும் பெண் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சாப்பிடும்போது நெஞ்சுல அடைக்குதா சார்?”

“பரவாயில்லம்மா.”

“தூக்கம்?”

“பரவாயில்ல.”

“மத்தவங்களோட உக்காந்து சாப்பிடுறீங்களா?”

“அதெல்லாம் பரவாயில்லம்மா.”

எப்படியோ ஓட்டிக்கொள்கிறேன், எனக்காக நீ சிரமப்படாதே என்பது அவர் சொன்னதற்கு அர்த்தம். தொந்தரவு இல்லை என்று அவள் பதிந்தாள். வரிசையாகப் பூஜ்யம்.

“சூப்பர் சார், நல்லாக் குறைஞ்சிருக்கு! இப்போதைக்குப் பலூன் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்துவிட்டாள். “எது குறைஞ்சிருக்கு? இந்த மனுஷன்தான் குறைஞ்சிருக்காரு! பெல்ட்டுல ஓட்டை போட இனி இடமில்ல!”

“அவர் சொல்றதைத்தானேம்மா நான் போட முடியும்?”

“விடும்மா. அவங்களுக்கு எவ்வளவு வேலை...” என்று அவர் சிரித்தபடி மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வலியை வெளியே சொல்வது கேவலம் என்று சின்ன வயசிலிருந்தே ஒருவனுக்குப் புகட்டிவிட வேண்டியது. பிறகு வலிக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போட வேண்டியது. இதற்குப் பேர் அளவீடாம்!

“உங்க நல்ல பேரையும் கரைச்சுத் தரேன், குடிங்க. அதாவது இறங்குதான்னு பாப்போம்” என்றாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைசியா எதை மென்னு தின்னீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். கீபோர்டின் சத்தம் நின்றது.

“மெல்லுவேன்... நீ வீட்ல இல்லாதப்போ. ரொட்டியை மென்னு, ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன். முழுங்கப் பயமா இருக்கு.”

அவளுக்கு இது தெரியாது. துப்பியதை எந்தக் காகிதத்தில் சுருட்டி, எங்கே மறைத்திருப்பார்?

அந்தப் பெண் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

“முதல்லேர்ந்து கேக்கறேன் சார். நெஞ்சுல அடைக்குதா?”

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“என்னை என்ன பாக்கறீங்க? கேட்டவங்ககிட்ட சொல்லுங்க.”

“அடைக்குதும்மா” என்றார் அவர். “தண்ணிகூட அடைக்குது.”