பரவால்லீங்க என்றால் இருக்கா, இல்லையா?

கண்ணுக்கு முன்னால் முதன்முதலாகப் பொறி பறந்தபோது நான் பக்கத்துப் பட்டறையைத்தான் திட்டினேன்.

பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே என் கணவர் டேனியல் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அடுத்த கொட்டகையில் நாளெல்லாம் வெல்டிங் நடக்கும். மாடி ஜன்னலைத் திறந்தால் நீல வெளிச்சம் சுவரில் அடிக்கும். அப்போது எனக்கு ஏழாம் மாதம் முடியும் தறுவாய். துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணோரத்தில் வெள்ளைப் புள்ளிகள் நெளிந்தன. வெல்டிங்கை நேராகப் பார்த்துவிட்டேன் போல என்று ஜன்னலைச் சாத்தினேன். புள்ளிகள் போகவில்லை. கண்ணைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மடியில் ஸ்கேன் ஃபைலை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை, அதனால்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி (கருமுட்டை முதிர்ந்து வெளிவராமல் தடுக்கும் ஹார்மோன் கோளாறு) என்றார்கள். மாத்திரை, ஊசி, நடைப்பயிற்சி எல்லாம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்காத ஆளே இருக்க மாட்டார்கள். எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார்கள். கடைசியில் விசேஷம் வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் தும்மினால்கூடக் கலைந்துவிடுமோ என்று இருந்தது.

ஏழாம் மாதத்தில் கால் வீங்கியது. கிணத்துக்கடவிலிருந்து அம்மா வந்து பார்த்துவிட்டு, "நீர் கோத்திருக்குது கண்ணு, பார்லித் தண்ணி குடிச்சா வடிஞ்சுரும்" என்றார். கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் எனக்குக் கையும் வீங்கியது, கண்ணிமையும் வீங்கியது. கன்னம் உப்பியதைப் பார்த்துச் சர்ச்சில் ஒரு அக்கா, "முகத்துல களை வந்துருச்சுங்க, பொண்ணுதான்" என்றார். எனக்கும் பெருமையாகவே இருந்தது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். அது களை இல்லை, வியாதி.

இப்போது அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் பரவால்லீங்க என்போம். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால் பரவால்லீங்க. காலை மிதித்துவிட்டார்களா, பரவால்லீங்க. ஆமாம், இல்லை, கொஞ்சம், நீங்கள் கேட்டதே போதும் என்று அதற்குள் எல்லா அர்த்தமும் உண்டு. நாங்கள் பேசும்போது எங்களுக்குள் புரிந்துவிடும். புரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், தங்கமானவர். "தலைவலி, கண்ணு மங்கல் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். வெளியே பெஞ்சு நிறைய ஆள் காத்திருக்கும்போது நம் தலைவலியைப் போய் விரித்துச் சொல்வதா என்று எனக்குக் கூச்சம். "பரவால்லீங்க டாக்டர்" என்பேன். கடைசி முறை ரத்த அழுத்தம் லேசாக ஏறியிருந்தது. "மாடி ஏறி வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன், ஏறித்தான் வந்திருந்தேன். அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம் என்றார். நானும் அவரும் ஒருவருக்கொருவர் சிரமம் கொடுக்காமல் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டோம்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஞாயிறு வந்தது. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகளின் மேல் அதே பொறி. ஞாயிற்றுக்கிழமை கணபதியில் ஒரு பட்டறையும் திறந்திருக்காது. சர்ச்சுக்குள் எவன் வெல்டிங் வைக்கப்போகிறான்? அப்போதுதான் பொறி என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்று உறைத்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ முழங்கையால் அழுத்துவது போல வலித்தது. அம்மாவிடம் சொன்னேன். "வாயுவா இருக்கும், ஊட்டுக்குப் போயி ஓமத் தண்ணி வெச்சுத் தாரேன்" என்றார். டேனியல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா ஜெசி?" என்றார்.

"பரவால்லீங்க."

நல்லவேளை, அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆட்டோ பிடித்துவிட்டார்.

என் டாக்டருக்கு அன்று விடுமுறை. டூட்டியில் இருந்தவர் சின்ன வயசுப் பெண், திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு முறை பார்த்தார்.

"தலை வலிக்கா?"

"பரவால்லீங்க."

"பரவால்லன்னா இருக்கா, இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. என்ன இப்படி வெட்டினாற்போல் பேசுகிறார் என்று கோபம்கூட வந்தது. "இருக்குங்க" என்றேன்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வாரம் இருக்குங்க."

"கண்ணுல பொறி பறக்கா?"

"பறக்குதுங்க."

"மேல்வயித்துல வலி?"

"இருக்குங்க."

ஒவ்வொரு இருக்குங்கவுக்கும் அம்மாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது. "தலைவலியை எங்கிட்டக்கூடச் சொல்லல பாரு" என்று டேனியலிடம் சொன்னார். கேட்டால்தானே சொல்வதற்கு என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் அம்மா தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும் நோய்). கடுமையான கட்டம் என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம். அதைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் (வலிப்பைத் தடுக்கும் மருந்து) ஏற்றினார்கள். உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரை உடம்பு காந்தியது. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அடுத்த நாள் முழுதும் காத்திருந்தோம். அதற்குள் என் ரத்தத்தில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மளமளவென்று குறைந்தன.

"இன்னும் ஒரு வாரம் மட்டும் உள்ளயே வெச்சுப் பாக்க முடியாதுங்களா?" என்று டேனியல் கேட்டார்.

"உள்ள இருந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து சார். இப்ப எடுத்தாத்தான் ரெண்டு பேரையும் காப்பாத்தப் பார்க்க முடியும்."

காப்பாற்ற முடியும் என்று டாக்டர் சொல்லவில்லை, பார்க்க முடியும் என்றார். அந்த வித்தியாசம் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஐந்து வருடம் கெஞ்சி வாங்கிய குழந்தைக்கு என் உடம்பே ஆகாமல் போய்விட்டதே என்று ஆத்திரமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழுதாளா என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் நான் கேட்கவில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் ரத்த அழுத்தம் இறங்காததால் நான் அவளைப் பார்க்கவே சில நாள் ஆனது. டேனியல் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டுவார். மூக்கில் குழாய், காலில் ஊசி, அதற்கு நடுவே எங்கேயோ என் மகள்.

பார்க்க வந்தவர்கள் அவரிடம் கேட்பது எனக்குக் கதவு வழியாகக் கேட்கும். "கொழந்தை எப்படிங்க இருக்குது?" அவர் சொல்வார், "பரவால்லீங்க." அந்த நேரத்தில் அவள் மூச்சுவிட மறக்க மறக்க, சிஸ்டர் பாதத்தைத் தட்டித் தட்டி மூச்சை வரவழைத்துக்கொண்டிருந்தார். வேறு என்னதான் சொல்வார் பாவம்.

குழந்தையை எடுத்துவிட்டால் வியாதி முடிந்தது என்று நானும் நினைத்தேன். அப்படியில்லை. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் அழுத்தம் ஏறலாம், வலிப்பு வரலாம். எல்லோரும் குழந்தையைப் பார்க்கப் போயிருக்கும்போது தாய்க்குத் தலை வலித்தால், அதையும் சொல்ல வேண்டும். யாரிடமாவது, இருக்கு என்ற சொல்லால்.

பிறகு கங்காரு பராமரிப்பு (குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்திருப்பது) தொடங்கினார்கள். முதல் நாள் அவளை என் நெஞ்சில் வைத்தபோது கனமே தெரியவில்லை. இவ்வளவு லேசான ஒன்றுக்காகவா இவ்வளவு அழுதோம் என்று தோன்றியது, உடனே அப்படி நினைத்ததற்கு அழுதேன். கிராம் கிராமாக ஏறினாள். ஒரு வழியாக வீட்டுக்கு வந்தோம்.

இப்போது அவள் வயசுக்கு இரண்டு கணக்கு. தடுப்பூசிக்குப் பிறந்த நாளிலிருந்து. தலை நிற்கிறதா, சிரிக்கிறாளா என்பதற்குப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. "எத்தனை மாசமாச்சுங்க?" என்று யாராவது கேட்டால் நான் ஒரு நிமிடம் முழிக்கிறேன். என் உடம்பும் அப்படித்தான். தழும்பு ஆறிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. தினமும் காலையில் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, இன்றைக்கு நீ என் பக்கமா என்று அதை விசாரிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்தே மருந்தும் கண்காணிப்பும் வேண்டும், அப்போதும் இது திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேண்டுமா என்று டேனியல் கேட்கவில்லை.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலை டேனியலின் செல்போன் அடித்தது. அழைப்பில்லை, அவர் எப்போதோ போட்டுவைத்த நினைவூட்டல். "ஜெசி டெலிவரி. பையை எடுத்துக்கணும்." டாக்டர் முதலில் குறித்துக்கொடுத்த நாள் அதுதான். இரண்டு பேருமே மறந்திருந்தோம். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

என் கை தானாக வயிற்றுக்குப் போய் அசைவு இருக்கிறதா என்று பார்த்தது. இல்லை. இன்னும் அழுத்திப் பார்த்தேன். அப்போதும் இல்லை. "அசைவே இல்லைங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். குழந்தை அப்போது என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.